முப்பத்தொன்றாம் எண் மூச்சு

இது கட்டுக்கதை இல்லை. அப்படி நினைத்துப் படிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்ப் பால் விடாத ஒரு தே ஓ குடிக்கலாம். இது நடந்தது. நம் சிங்கப்பூரில், போன வருஷம், ஏர்கான் ஓடுகிற ஓர் அறையில், டியூப் லைட் வெளிச்சத்தில் நடந்தது. அனுபவித்தவளுக்கு இன்றைக்கும் மதியச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை.

பேய் என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், மல்லிகை வாசனை வர வேண்டும் என்று சிலர் சட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. மதியம் இரண்டு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. தேக்கா மார்க்கெட்டில் பிரியாணி வரிசை இன்னும் கலையவில்லை.

இனியாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பத்து மூன்று வயது. செங்காங்கில் வீடு. பயந்த சுபாவம் கிடையாது. அடுக்குமாடி புளோக் லிஃப்ட்டில் தனியாக மாட்டிக்கொண்டபோது, கையில் இருந்த பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தவள். பொய் சொல்லவும் வராது. ஒரு பெரிய மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்து போகிற தூரம். வேர்க்காமல் போக முடியாது, அது வேறு விஷயம்.

அவள் வேலை மூச்சை அளப்பது.

சிரிக்க வேண்டாம். நம் மூச்சில் தண்ணீர் இருக்கிறது. குளிர வைத்த ஒரு குழாய்க்குள் பத்து நிமிடம் மூச்சு விட்டால் அது உள்சுவரில் வேர்த்து, துளித்துளியாக இறங்கி, அடியில் ஒரு ஸ்பூனுக்கும் குறைவாகச் சேரும். அந்தத் தண்ணீருக்குள் காலையில் குடித்த காப்பி இருக்கும். நேற்றுப் போட்ட மாத்திரை இருக்கும். உடம்பு உள்ளுக்குள் படுகிற பாடும் இருக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மூலக்கூறுகள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, எடை பார்த்து, எது எவ்வளவு என்று சொல்வதற்கு அறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மெஷின் நிற்கிறது.

ஐசியூவில் மூச்சுக் குழாய் போட்டுக் கிடப்பவர்களின் நுரையீரலை உப்புநீர் விட்டுக் கழுவி, அதில் கொஞ்சம் லேபுக்கு அனுப்புவார்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்போடு இருக்கிற ஒருவரின் மூச்சு வேண்டும். தெருவில் போகிறவர் மூச்சு உதவாது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டவராக இருக்க வேண்டும். அப்போதுதான் சாப்பாட்டால் வந்தது எது, நோயால் வந்தது எது என்று பிரிக்க முடியும். அதனால் நோயாளிக்கு ஓர் எண். வீட்டிலிருந்து வருபவருக்கு அதே எண்ணோடு ‘வீடு’ என்ற வார்த்தை. முப்பத்தொன்று என்றால் கட்டிலில் கிடப்பவர். முப்பத்தொன்று வீடு என்றால் அவருக்காக வெளியே காத்திருப்பவர்.

பெயர் கேட்கக் கூடாது. இதுதான் அந்த லேபின் முதல் சட்டம். பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், மனசு சாய்ந்தால் அளவும் சாயும் என்பார்கள். வந்து உட்காருபவர் யார், கட்டிலில் கிடப்பது அப்பாவா மனைவியா, எதுவும் இனியாவுக்குத் தெரியாது. ஐந்து வருஷத்தில் அவள் அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. அன்றைக்கு மட்டும் மீறியிருந்தால்...

சரி, அதற்கு வருவோம்.

அன்று செவ்வாய்க்கிழமை. வார்டிலிருந்து நசீர் காலையிலேயே மெசேஜ் போட்டிருந்தான். ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்து லேபுக்கு அனுப்பிவைக்கிற நர்ஸ் அவன். ‘31 வீடு. ரெண்டு மணிக்கு மேல வருவாங்க அக்கா.’

இனியா குழாயைக் குளிர வைத்தாள். எண் ஸ்டிக்கரை ஒட்டினாள். கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்த சத்தம் கேட்கவில்லை. அந்தக் கதவு அட்டை காட்டினால்தான் திறக்கும். யாராவது உள்ளே விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நரைத்த முடியைப் பின்னால் முடிந்திருந்தார். மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. வாயின் இரண்டு ஓரத்திலும் கன்னம் வரைக்கும் சிவப்பாக ஒரு தடம். பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தால் இருக்குமே, அப்படி.

“முப்பத்தொண்ணு வீடு தானே மா?”

அம்மா பதில் சொல்லவில்லை. கையை நீட்டினார். குழாயைக் கேட்கிறார் என்று நினைத்து இனியா அதைக் கொடுத்தாள். ஐசியூ வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சே மறந்துபோனவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள்.

“வாயில வெச்சுக்கிட்டு சாதாரணமா மூச்சு விடுங்க மா. பத்து நிமிஷம். அவசரமே இல்ல லா.”

அம்மா மூச்சு விட்டார்.

புஸ்... டிக். புஸ்... டிக்.

பக்கத்து ஃப்ரிட்ஜ் சத்தம் போடுகிறது என்று இனியா நினைத்தாள். அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ் சும்மா இருந்தது.

யார் வந்து ஊதினாலும் பத்து நிமிடமும் மூச்சு ஒரே மாதிரி இருக்காது. நடுவில் ஒரு பெருமூச்சு வரும். எச்சில் விழுங்குவார்கள். இருமல் வரும். வீட்டு ஆட்களுக்குப் பாதியில் அழுகை வரும். இந்த அம்மாவுக்கு எதுவும் வரவில்லை. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. இம்மி கூட முன்பின் இல்லை. யாரோ பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுப்பது போல...

கண்ணும் இமைக்கவில்லை.

நேரம் முடிந்தது. இனியா குழாயை வாங்கினாள். வாய் வைத்த இடம் காய்ந்திருந்தது. ஒரு துளி எச்சில் இல்லை.

“முடிஞ்சிருச்சு மா. தேங்க்ஸ்.”

“அவருகிட்ட சொல்லணும்.”

குரல் கரகரவென்று வந்தது. தொண்டைக்குள் எதையோ உரசிக்கொண்டு வருகிற குரல்.

“யாருகிட்ட மா?”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட.”

“வார்டுல சொன்னீங்கன்னா நசீர் சொல்லிடுவாரு மா.”

“எல்லாரும் கிட்ட வந்து பேசறாங்க. நான் பேசறது ஒருத்தருக்கும் கேக்கல.”

ஆஸ்பத்திரி மேல் குறை சொல்கிறார் என்று இனியா நினைத்தாள். பாவமாக இருந்தது. குனிந்து அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

“என்ன மா சொல்லணும்? என்கிட்ட சொல்லுங்க.”

“போதும்னு சொல்லு. எனக்கு போதும். அவரு வீட்டுக்குப் போயி சாப்பிட்டு தூங்கட்டும்.”

காத்திருந்து களைத்தவர் பேச்சு. இனியா தலையை ஆட்டினாள். குழாயை ஐஸ் பெட்டியில் வைக்கத் திரும்பினாள். ஒரே ஒரு கணம்.

நாற்காலி காலியாக இருந்தது.

அந்தக் கதவு திறந்தால் பீப் என்று சத்தம் வரும். வரவில்லை. இனியா நடைக்கூடத்தில் எட்டிப் பார்த்தாள். “ஆன்ட்டி?” என்று கூப்பிட்டாள். தரை துடைக்கிறவர் மட்டும் தொலைவில் நிமிர்ந்து பார்த்தார்.

அவ்வளவுதான். அன்றைக்கு அவள் பயப்படவில்லை. சாயந்திரம் எம்ஆர்டி ரயிலில் இடம் கிடைத்தது, வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம்தான் அந்தத் தண்ணீர் மெஷினுக்குள் போனது. திரையில் ஒவ்வொரு பொருளும் ஒரு கூர்முனையாக எழும். எது எந்த இடத்தில் எழும் என்று இனியாவுக்கு மனப்பாடம். முதலில் வெறும் சுத்தத் தண்ணீரை விட்டாள். முந்தைய ஆளின் மிச்சம் ஏதும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும். கோடு தட்டையாக ஓடியது. மெஷின் சுத்தம்.

பிறகு முப்பத்தொன்று வீடு.

காப்பி இல்லை. டீ இல்லை. மிளகு இல்லை, மஞ்சள் இல்லை. நம் வீடுகளில் இருந்து வருகிற மூச்சில் இதில் ஒன்றாவது எட்டிப் பார்க்காமல் இருக்காது. இந்த வாய் பல நாளாக எதையும் தொடவில்லை.

அப்புறம் ஒன்று எழுந்தது. திரையின் உச்சி வரைக்கும்.

தூக்க மருந்து. மூச்சுக் குழாய் போட்டவர்கள் அசையாமல் கிடப்பதற்காக நரம்பில் ஏற்றுவது. அதை அடுத்து இன்னொன்று. குழாய் போட்டு வாய் திறந்தே கிடப்பவர்களுக்கு நர்ஸ் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிடுகிற மருந்து.

இது கட்டிலில் கிடப்பவரின் மூச்சு.

இனியா எழுந்து போய் ஏர்கானைக் குறைத்தாள். குளிர் குறையவில்லை.

“ட்யூப் மாறிப்போச்சு,” என்றார் டாக்டர் யதீசன். லேபுக்குத் தலைவர் அவர். கோபப்பட மாட்டார், வருத்தப்படுவார். அது இன்னும் மோசம். “நீங்க மாத்துற ஆள் இல்லன்னு தெரியும் இனியா. ஆனா மாறியிருக்கு லா. வேற எப்படி?”

இனியாவுக்குச் சுருக்கென்றது. நுரையீரல் கழுவிய நீர் என்றால் அதில் உப்பு இருந்தே தீரும், உப்புநீர் விட்டுத்தானே கழுவுகிறார்கள். ஊதி எடுத்த மூச்சில் உப்பு அநேகமாக இருக்காது, மழைத்தண்ணீர் மாதிரி. மாறிப்போனதா இல்லையா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்து நின்று சோதித்துப் பார்த்தார்கள்.

உப்பு இல்லை.

மாறவில்லை. அது ஊதிய மூச்சுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊதிய மூச்சு.

யதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். “தூக்கிப் போட்டுட்டு திரும்பக் கலெக்ட் பண்ணுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படித்தவர்கள் பயப்படுகிற விதம் அப்படி.

இனியா நசீருக்குப் போன் போட்டாள்.

“நசீர், முப்பத்தொண்ணு வீட்டை இன்னொரு தடவை அனுப்ப முடியுமா?”

“இன்னொரு தடவையா? அந்த அங்கிள் இன்னும் ஒரு தடவைகூட வரலையே அக்கா.”

“அங்கிளா?”

“ஆமா. அன்னிக்கு வரேன்னுதான் சொன்னாரு. அப்புறம் ஐசியூ வாசலை விட்டு நகர மாட்டேன்னுட்டாரு. உங்களுக்கு சொல்ல மறந்துட்டேன். சாரி லா.”

“அப்போ... முப்பத்தொண்ணு யாரு?”

“அவரோட வைஃப். டியூப் போட்டு மூணு வாரமாச்சு அக்கா. கண்ணே திறக்கல.”

இனியா போனை வைத்தாள். உட்கார வேண்டும் போல் இருந்தது. அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் பக்கத்தில் இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அந்த அங்கிள் மறுநாள் மதியம் வந்தார். மணி அடித்தது. கதவு பீப் என்றது. இனியா எதையும் கேட்பதற்கு முன்னாலேயே, “ஜெயரத்தினம். ஆங் மோ கியோ,” என்று பெயரையும் இருக்கிற இடத்தையும் நேர்காணலுக்கு வந்தவர் போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சலவை செய்த சட்டை. பொத்தான்களை ஒன்று தவறிப் போட்டிருந்தார். அவருடைய அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை.

அவர் ஊதியது மனுஷ மூச்சு. பெருமூச்சு வந்தது. இருமல் வந்தது. பாதியில் குழாயை எடுத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“டாக்டர்மார் கேக்கினம் பிள்ளை. மெஷினை நிப்பாட்டுவமோ எண்டு. என்ரை மனுசி யோகம் இனி எழும்ப மாட்டா எண்டுதான் சொல்லினம். நான் எப்பிடிச் சொல்லுறது? அவளைக் கேக்காமல் நான் ஒரு சட்டைகூட வாங்கினதில்லை.”

இனியா குழாயை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“மகன் மெல்பர்னிலை இருந்து போன் எடுத்து, நீங்களே முடிவு சொல்லுங்கோ அப்பா எண்டுறான். நான் ராத்திரி பகலா அந்த வாசலிலை இருக்கிறன். ஏன் தெரியுமோ? அவள் ஒரு சொல்லுச் சொன்னால் நான் விட்டிடுவன். ஒரேயொரு சொல்லு. அதுக்குத்தான் இருக்கிறன்.”

அந்தச் சொல் இனியாவிடம் இருந்தது.

சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும், பைத்தியம் என்பார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் எதிரே ஒரு மனிதர் தவறிப் போட்ட பொத்தானோடு அழுதுகொண்டிருந்தார். அவர் கேட்பதைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருப்பது அவளால் முடியவில்லை. இளகின மனசு, வேறென்ன.

“அங்கிள்... அவங்க சொல்லிட்டாங்க.”

எல்லாவற்றையும் சொன்னாள். மணி அடிக்காமல் வந்ததை. கன்னத்தில் இருந்த தடத்தை. கரகரத்த குரலை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னதை.

“போதுமெண்டோ சொன்னவள்?” ஜெயரத்தினம் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார்.

“ஆமா அங்கிள். எனக்கு போதும்னு.”

அவர் சந்தேகப்படவில்லை. சாட்சி கேட்கவில்லை. மூன்று வாரமாக ஒரு சொல்லுக்குக் காத்திருந்தவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாரா? “நோகுது எண்டு சொன்னவளோ?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல அங்கிள். அமைதியா இருந்தாங்க.”

அவர் இனியாவின் கையுறை போட்ட கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார்.

மறுநாள் சாயந்திரம் மெஷினை நிறுத்தினார்கள். அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார் என்று நசீர் சொன்னான். இனியா அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டாள். ஒரு புண்ணியம் செய்துவிட்ட நிம்மதி. அவள் அப்படிச் சாப்பிட்டது அதுதான் கடைசி.

ஆங் மோ கியோவில் புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசைகள். காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. இனியா வேலை முடிந்து நேராகப் போனாள். நசீரும் வந்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஜெயரத்தினம் எழுந்து நின்றார்.

“இந்தப் பிள்ளையிட்டைத்தான் சொல்லி விட்டவ,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அழுது வீங்கிய முகத்தில் ஒரு பெருமை. மனைவி தனக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாளே என்கிற பெருமை.

பக்கத்து மேசையில் யாரோ ஒரு வயதான அம்மாவுக்குத் தேநீர் ஊற்றினார்கள். “காணும், காணும்,” என்று அவர் கோப்பையைக் கையால் மூடினார்.

இனியாவின் கால் நின்றது.

இந்த வீட்டில் யாரும் போதும் என்று சொல்வதில்லை, காணும் என்றுதான் சொல்கிறார்கள்...

“வாங்கோ பிள்ளை. முகத்தைப் பாருங்கோ.”

போனாள். மாலை போட்ட படம் இருந்தது. உருண்டை முகம். கண்ணாடி. கழுத்தோடு வெட்டிய முடி. சிரிப்பு.

நாற்காலியில் உட்கார்ந்து ஊதியவர் இவர் இல்லை.

நோய் முகத்தை மாற்றிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தாள். வெட்டிய முடி. உருண்டை முகம். மூக்கில் எந்தக் காலத்திலும் துளை போட்டதில்லை.

அந்த அம்மா இல்லை.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மற்றதெல்லாம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. யாருடைய சொல்லையோ எடுத்து வந்து இவர் கையில் கொடுத்திருக்கிறாள். இவர் அதை வாங்கிக்கொண்டு மனைவியின் கையை விட்டிருக்கிறார். எழ மாட்டார் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனாலும் இவர் காத்திருந்தது டாக்டர் வார்த்தைக்காக இல்லையே. அப்படியே அந்தப் பெட்டியின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக் கத்த வேண்டும் போல் இனியாவுக்கு இருந்தது.

மெல்பர்னிலிருந்து வந்த மகன் பக்கத்தில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. தாழ்ந்த குரலில் கேட்டான்.

“அம்மா... உண்மையாவே சொன்னவவோ?”

ஜெயரத்தினம் இனியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பொத்தான்கள் இன்றைக்கு ஒழுங்காகப் போட்டிருந்தன.

“சொன்னாங்க,” என்றாள் இனியா.

மகன் முகத்தை மூடிக்கொண்டு அப்பாவின் தோளில் சாய்ந்தான். பொய் சொல்ல வராதவள் சொன்ன பொய் அது. அதை அவள் இன்றைக்கும் திருப்பி எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது.

லிஃப்ட் பக்கமாக நசீரை இழுத்துக்கொண்டு போனாள். வந்த அம்மா எப்படி இருந்தார் என்று சொன்னாள். நரைத்த முடி, பின்னால் முடிச்சு. ஒற்றைக்கல் மூக்குத்தி.

நசீர் முகம் மாறியது.

“அக்கா... அது பக்கத்துக் கட்டில்.”

“என்ன நம்பர்?”

“நம்பரே இல்ல. அவங்களை ஆராய்ச்சியில சேர்க்கவேயில்ல. அவங்க வீட்டுக்காரர் எதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கறாரு. பொண்டாட்டி எழுந்து வந்துடுவான்னு உக்காந்திருக்காரு. ஐசியூவுல நகையைக் கழட்டிக் கொடுத்துடுவோம் இல்ல, அந்த மூக்குத்திய சட்டைப் பையில வெச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் காட்டுவாரு.”

“எப்போ இறந்தாங்க?”

“யாரு?”

“அந்த அம்மா.”

நசீர் அவளை விநோதமாகப் பார்த்தான்.

“இறக்கலையே அக்கா. இருக்காங்க.”

மறுநாள் மதியம் இனியா ஐசியூவுக்குப் போனாள். லேப் ஆட்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. போனாள். கண்ணாடி வழியே பார்த்தாள்.

அந்த அம்மாதான்.

வாயில் குழாய். இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி. மூக்கில் வெறும் துளை. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இம்மி முன்பின் இல்லை.

புஸ்... டிக். புஸ்... டிக்.

வாசல் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிரிக்காத சோற்றுப் பொட்டலம் பக்கத்தில் இருந்தது. பல நாள் தூங்காத கண்.

இந்தத் தடவை இனியா முதலில் பெயரைக் கேட்டாள்.

“முத்துசாமி மா.”

“உள்ள இருக்கறவங்க?”

“ரத்தினம்மா. என் சம்சாரம்.”

இனியா வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

ஒரு தடவை சொன்னாள். ஓர் உயிர் போனது. அன்றைக்கும் உறுதியாகத் தெரியும் என்றுதான் நினைத்தாள்... இன்றைக்கு இது மட்டும் எப்படி நிச்சயம்? சொல்லாவிட்டால் உள்ளே ஒருத்தி இப்படியே கிடப்பாள். சொன்னால் இந்த மனிதரின் நம்பிக்கையை அவளே தன் கையால் நிறுத்த வேண்டும்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

“உக்காரு மா,” என்றார் முத்துசாமி. பொட்டலத்தை நகர்த்தி இடம் விட்டார். “பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. பாவம், போயிட்டாங்க. அன்னிலேர்ந்து எனக்கு ஒரு கனவு. கண்ணு அசந்தாலே வந்துடுது.”

“என்ன கனவு ஐயா?”

“சின்ன ரூம்பு. ஜில்லுனு இருக்கு. எங்க பார்த்தாலும் மெஷினு. நடுவுல இவ ஒரு நாற்காலியில உக்காந்து ஏதோ குழாயை வெச்சு ஊதிக்கிட்டே இருக்கா. என்னைப் பார்த்ததும் குழாயை எடுத்துட்டு அழறா மா. அவ அழுது நான் பார்த்ததே இல்ல.”

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“‘ஒரு பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பினேனே, இன்னுமா உங்ககிட்ட வந்து சேரல’ன்னு கேக்கறா. எந்தப் பொண்ணு, என்ன சொல்லி அனுப்பினா, ஒண்ணும் புரியல.”

முத்துசாமி நிமிர்ந்து இனியாவைப் பார்த்தார்.

“அது கெடக்கட்டும். நீ யாரைப் பாக்க வந்த மா?”